டர்பனுக்கும் டார்ல்ட்டனுக்கும் ஒரே கன்வெர்ட்டரா? ஹை ஸ்டால் தேர்ந்தெடுக்கும் முறை

ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். கார் ஏறக்குறைய நின்ற நிலையில் ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தால் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரை ஏறி நிற்குமோ, அதுதான் ஸ்டால். அந்த எண் அதிகமாக இருப்பது ஹை ஸ்டால். கன்வெர்ட்டர் வரும் அட்டைப்பெட்டியின் மேல் ஸ்டால் 3,000 என்று போட்டிருக்கும். அதை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். எஞ்சின் தரும் டார்க் (முறுக்கு விசை) கூடினால் ஸ்டாலும் கூடும், குறைந்தால் அதுவும் இறங்கும். ஸ்டாக் (கம்பெனியில் வந்தபடியே உள்ள) 5.7 லிட்டர் எஞ்சினில் 2,600-ல் நிற்கும் கன்வெர்ட்டர், கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெட்டும் (எஞ்சினின் மேல் பாகம்) மாற்றிய 6 லிட்டரில் 3,000-ஐத் தொடும். எத்தனை நியூட்டன் மீட்டருக்கு இந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் இது பெரிய விஷயம், காரணம் உயரம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோர டர்பனில் இருப்பதில் 83 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினின் டார்க்கும் ஏறக்குறைய அந்த அளவுக்கு விழும். ஸ்டால், டார்க்கின் வர்க்கமூலத்தைப் பின்தொடரும். ஆகவே டர்பனில் 3,000 காட்டும் கன்வெர்ட்டர் ஜோகன்னஸ்பர்க் பக்கமுள்ள டார்ல்ட்டன் ரேஸ் டிராக்கில் சுமார் 2,730-தான் காட்டும். மேலேயிருந்து கார் வாங்கிக் கீழே கொண்டுவந்தால் இதே கணக்கு தலைகீழாகும். கார் அதிக நாள் எங்கே ஓடுமோ அந்த உயரத்துக்குத்தான் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) காகிதத்தையும் கவனியுங்கள்: மேட்டு நிலத்தில் எடுத்த எண்ணைக் கடல் மட்டத்துக்குத் திருத்திக் கொடுப்பது வழக்கம். கன்வெர்ட்டர் செய்பவரிடம் திருத்தாத எண்ணைக் கொடுங்கள். கூடவே ஓட்டுநரோடு சேர்ந்த காரின் எடை, டிஃப் ரேஷியோ (அச்சின் கியர் விகிதம்), டயரின் விட்டம், கேம் விவரம் ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

கேம்தான் அடுத்தது. கேம் காகிதத்தில் வேலை செய்யும் எல்லை 2,200 முதல் 6,200 வரை என்றிருந்தால், தெருவில் ஓடும் காருக்கு 2,700-க்கும் 3,000-க்கும் நடுவே ஸ்டால் போதும். பெரிய கேம் போட்டுவிட்டு ஸ்டாக் கன்வெர்ட்டரையே வைத்தவர்களுக்கு ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போதே குறை தெரிந்துவிடும்: டி (டிரைவ்) கியரில் ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது உள்ள ஆர்.பி.எம்.) 900-லிருந்து 600-க்கு விழும், எஞ்சின் திணறும், பிரேக்கை மிதித்தும் கார் முன்னே தள்ளும். தேவைக்கு மேல் ஸ்டால் வைத்தாலும் தொல்லைதான். ஆக்சிலேட்டரை மிதித்ததும் சத்தம் மட்டும் ஏறும், கார் பிறகுதான் நகரும்.

நெடுஞ்சாலைக் கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். 120 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 2,000 மீட்டர். 65 செ.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு 2.04 மீட்டர், அது நிமிடத்துக்கு 980 முறை சுற்றும். டிஃப் 3.45 என்று வைத்தால், 4எல்60இ என்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் 0.70 ஓவர்டிரைவில் (கடைசி கியரில்) எஞ்சின் சுமார் 2,370 ஆர்.பி.எம். சுற்ற வேண்டும். 3,000 ஸ்டால் கன்வெர்ட்டரில் லாக்கப் (வழுக்காமல் நேராகப் பூட்டும் கிளட்ச்) இல்லையென்றால் டர்பன்-ஜோகன்னஸ்பர்க் என்3 சாலை முழுக்க அது வழுக்கிக்கொண்டே போகும், எண்ணெய் கொதிக்கும். ஓவர்டிரைவ் பெட்டிக்கு லாக்கப் உள்ளதையே வாங்குங்கள். டிஎச்350 போன்ற மூன்று கியர் பெட்டியில் அதே வேகத்தில் எஞ்சின் ஸ்டாலுக்கு மேலே 3,380-ல் சுற்றும், அங்கே லாக்கப் இல்லாமல் சமாளிக்கலாம்.

வெப்பம்தான் கியர்பாக்ஸைக் கொல்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லில் லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது லாக்கப் பிடிக்காது, கன்வெர்ட்டர் முழுதும் வழுக்கும். எண்ணெய் வெப்பம் 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கட்டும். 120-ஐத் தாண்டினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எண்ணெயைக் குளிர்விக்கும் தகடு வகைக் கூலரை, ரேடியேட்டர் வழியாக வந்த எண்ணெய் கடைசியாகக் கடந்து பெட்டிக்குத் திரும்பும்படி மாட்டுங்கள். வெப்ப மீட்டர் இல்லாமல் ஹை ஸ்டால் போடுவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. பழைய கன்வெர்ட்டர் உடைந்து போயிருந்தால் பழைய கூலரையும் தூக்கிப்போடுங்கள். அதன் மடிப்புகளில் சிக்கிய உலோகத் தூளை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது.

மாட்டும்போது அவசரம் கூடாது. உள்ளே ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, கன்வெர்ட்டரை மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். டர்பைன் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று மூன்று முறை 'டக்' என்று உள்ளே இறங்க வேண்டும். மூன்றாவது பிடிக்காமல் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன் கூடு) போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் கியர் உடையும். புதுப் பெட்டி பாழாவது பெரும்பாலும் இப்படித்தான். பெட்டி எஞ்சினோடு ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், எஞ்சினோடு சுற்றும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் வாஷர் வையுங்கள். இடைவெளியே இல்லையென்றால் போல்ட் போடாமல் கழற்றிப் பாருங்கள்.

ஸ்டால் எவ்வளவு என்று பார்க்க பிரேக்கை மிதித்து ஆக்சிலேட்டரை அழுத்தும் சோதனை ஏமாற்றும், பின் டயர் முதலில் வழுக்கிவிடும். ஆளில்லாத மூடிய இடத்தில், முதல் கியரில் மெதுவாக நகரும்போது ஒரே மூச்சில் முழுதும் மிதித்து, டாக்கோமீட்டர் முள் துள்ளி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் காரின் ஸ்டால். 500 கி.மீ. ஓடிய பிறகு டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடையுங்கள்: சிவப்பாக இருந்தால் சரி, பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால் கூலர் போதவில்லை.