பழைய 1400 பக்கிக்கு ஸ்பேர்ஸ் கிடைக்கவில்லையா? இப்படித் தேடிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும் நிஸ்ஸான் 1400 பக்கி (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள சின்ன பிக்கப் வண்டி) ஒன்றாவது கண்ணில் படும். காய்கறி ஏற்றுகிறவர், பிளம்பர், அப்பா ஓட்டியதை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் பிள்ளைகள் என்று எல்லோரிடமும் இருக்கிறது. நிஸ்ஸானின் ரோஸ்லின் ஆலையில் 2008இலேயே இதன் உற்பத்தி நின்றுவிட்டதால், கவுண்டரில் போய்க் கேட்டால் "அது இப்போ வர்றதில்லை அங்கிள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதோடு பலர் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆதங்கம். வண்டிப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காத பல சாமான்கள் எண்ணையும் அளவையும் சொல்லித் தேடினால் கிடைத்துவிடும். இங்கே 1400ஐ வைத்துச் சொல்கிறேன், வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களும் இதே வழியில் போகலாம்.

1. முதலில் உங்கள் வண்டி எது என்று எழுதி வையுங்கள்

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன்ஸ் டிஸ்க்கில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இருக்கும். பானெட்டைத் திறந்து பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் யாராவது எஞ்சினை மாற்றியிருந்தால் பேப்பரில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. உள்ளே இருப்பதற்குத்தான் சாமான் வாங்க வேண்டும்.

2. பழைய சாமானைக் கழற்றி, துடைத்து, படியுங்கள்

ஆரம்பத்தில் யாரும் செய்யாத வேலை இது, ஆனால் பாதித் தேடல் இதிலேயே முடிந்துவிடும். ஒரு பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) கழுவித் துணியால் துடைத்தால் அதன் ஓரத்தில் 6205 என்பது போல ஒரு எண் தெரியும். இது நிஸ்ஸானுடைய எண் அல்ல, உலகம் முழுக்கப் பொதுவான எண். கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம்: 05 என்றால் 25 மி.மீ. (04இலிருந்து மேலே இந்தக் கணக்கு சரியாக வரும்.) 6205இன் வெளிவிட்டம் 52, அகலம் 15. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகர மூடி. சி3 என்று இருந்தால் உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது, அதையும் விடாமல் சொல்லிக் கேளுங்கள். இந்த எண்ணோடு கார் ஸ்பேர்ஸ் கடைக்குப் போக வேண்டாம், நேராகத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் பேரிங் கடைக்குப் போங்கள். அங்கே "எந்த வண்டிக்கு?" என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

ஆயில் சீலும் இதே கதைதான். 35 50 8 என்று இருந்தால் உள்ளே சுழலும் தண்டு (ஷாஃப்ட்) 35, வெளிவிட்டம் 50, தடிமன் 8 மி.மீ. எழுத்து அழிந்துபோயிருந்தால் சீலை அளக்காதீர்கள், அது தேய்ந்து விரிந்திருக்கும். வெர்னியர் அளவுகோல் வைத்து தண்டையும் சீல் உட்காரும் குழியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் ஹோஸுக்கு எண் தேடி அலைய வேண்டியதே இல்லை. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கடைக்காரரிடம் கேட்டு, தொங்கவிட்டிருக்கும் ஹோஸ்களில் அதே விட்டமும் அதே வளைவும் உள்ளதைப் பொறுக்குங்கள். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம்.

3. நிஸ்ஸான் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

நிஸ்ஸான் பாக எண் ஐந்தும் ஐந்தும் சேர்ந்து பத்து இடம். முதல் ஐந்து அது என்ன சாமான் என்று சொல்லும்: 21010 வாட்டர் பம்ப், 11044 ஹெட் கேஸ்கட், 15208 ஆயில் ஃபில்டர். அடுத்த ஐந்து எந்த மாடல் என்று சொல்லும். கவுண்டரில் "இல்லை" என்றால் உடனே திரும்பாதீர்கள், "இந்த எண்ணுக்குப் பதிலா புது எண் வந்திருக்கா பாருங்க" என்று கேளுங்கள். கம்பெனிகள் பழைய எண்ணை மூடிவிட்டு அதே சாமானைப் புது எண்ணில் விற்பது சகஜம்.

4. சொந்தக்கார வண்டிகளைக் கண்டுபிடியுங்கள்

1400இல் இருப்பது ஏ14 எஞ்சின், அதாவது ஏ வரிசையில் வந்தது. அதே வரிசையில் ஏ12, ஏ15 எல்லாம் உண்டு. ஜப்பானில் இதே குடும்பத்து சன்னி ட்ரக் 1994 வரை ஏ12 எஞ்சினோடு விற்பனையில் இருந்தது, அதுவும் நம்மைப் போல வலது பக்க ஸ்டீயரிங். ஆஸ்திரேலியாவிலும் டாட்சன் 1200 யூட் (அங்கே பக்கிக்கு அதுதான் பெயர்) என்று ஓடியது. அதனால் இணையத்தில் தேடும்போது 1400 என்று மட்டும் போடாமல் சன்னி ட்ரக், டாட்சன் 1200, ஏ14 என்று எல்லாப் பெயரிலும் தேடுங்கள்.

ஆனால் ஒரே குடும்பம் என்பதால் எல்லாம் பொருந்தும் என்று காசைக் கட்டிவிடாதீர்கள். ஏ12இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 70 மி.மீ., ஏ14இன் ஸ்ட்ரோக் 77. ஏ14 பிளாக்கே உயரம் கூடியது, அதனால் ஏ12இன் புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) இதற்கு எட்டாது. பிஸ்டனும் வேறு, விட்டம் ஏ12இல் 73, ஏ14இல் 76 மி.மீ.

5. ஸ்க்ராப்யார்டுக்குப் போகுமுன் போன்

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளைத் தேடி உம்கேனி ரோடு, கிளேர்வுட் பக்கம் அலைவதற்கு முன்னால், சாமானை ஸ்கேல் பக்கத்தில் வைத்து நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கதவு, கைப்பிடி, டெயில் லைட், பம்பர் மாதிரி சாமானுக்கு யார்டுதான் சரியான இடம். பிரேக் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் பால் ஜாயின்ட் இதையெல்லாம் பழையதாக வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய சாமான் விற்பவர்கள் 2009ஆம் ஆண்டின் 6ஆம் சட்டப்படி (பழைய பொருள் வியாபாரத்துக்கான சட்டம்) பதிவு செய்திருக்க வேண்டும், யாரிடம் வாங்கினார்கள் என்ற கணக்கும் வைத்திருக்க வேண்டும். ரசீது தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள். முழு எஞ்சின் வாங்கினால் இன்னும் கவனம் தேவை. போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் புது எஞ்சின் எண்ணைப் பதிவில் ஏற்றாவிட்டால் பின்னால் வண்டியை விற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

6. கிடைக்கவே கிடைக்காதா? இருப்பதைச் சரிசெய்யுங்கள்

புது சாமான் தேடி மாசக்கணக்கில் காத்திருப்பதைவிட இது பல நேரம் நல்ல வழி. தேய்ந்த பிரேக் சிலிண்டரைக் கடைந்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டுத் தருவார்கள். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டலாம், ரேடியேட்டருக்கு உள்கூட்டை மட்டும் மாற்றலாம். ஸ்டார்ட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பெரும்பாலும் பிரஷ்ஷும் பேரிங்கும்தான் போயிருக்கும், ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்.

7. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சாமான் விலை, கூரியர், சுங்கவரி, அதற்கு மேல் 15 சதவீத வாட் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கேஸ்கட் செட், கார்புரேட்டர் கிட் மாதிரி எடை குறைந்தவற்றுக்குத்தான் கட்டுப்படியாகும், பாடி தகடுகளுக்கு வேண்டாம். விற்பவரிடம் அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், படத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம், புதுசு வந்துவிட்டது என்று பழையதை உடனே தூக்கிப் போடாதீர்கள், மாற்றுக்கும் கொடுத்துவிடாதீர்கள். மாட்டி ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்து, கசிவு, சத்தம் எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகு கொடுக்கலாம்.