பொலன்னறுவை முதல் குமண வரை: பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

டிசம்பர் முதல் மார்ச் வரை இலங்கை சுற்ற நல்ல காலம் என்று சொல்லும் வழிகாட்டிகள் தெற்கு, மேற்குக் கரைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதை நம்பி, வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரருக்குக் காடு காட்ட டிசம்பரில் வான் பேசுவதுதான் நம் கிழக்குப் பக்கம் அதிகம் நடக்கும் தவறு. மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. பாணமையில் இருந்து உகந்தைக்குப் போகும் கிறவல் பாதை சேறாகிவிடும். ராஜகல, குடும்பிகல போன்ற மலைகளில் பாறை பாசி பிடித்து வழுக்கும். மே முதல் செப்டெம்பர் வரைதான் இங்கே பயணக் காலம்.

ஆனால் அது கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் காலமும்கூட. பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. மலை ஏறுவதென்றால் ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். மேலே கடை எதுவும் இல்லை. பெயரையும் கவனியுங்கள்: மட்டக்களப்பின் குடும்பிமலை வேறு, பாணமைக்கு அப்பால் இருக்கும் குடும்பிகல ஆரண்யம் வேறு. வரைபடத்தில் அவசரமாகத் தட்டினால் மாவட்டமே மாறிப்போகும்.

பொலன்னறுவையையும் சிகிரியாவையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டக்களப்பில் இருந்து புறப்படுகிறவர்கள் இரண்டையும் அரைகுறையாகவே பார்க்கிறார்கள். பொலன்னறுவைக்கு மட்டும் நான்கு, ஐந்து மணித்தியாலம் வேண்டும். பஸ் நிலையமும் ரயில் நிலையமும் கதுருவெலயில் இருக்கின்றன. இடிபாடுகள் அங்கிருந்து மேற்கே நான்கு கிலோமீற்றர் அளவில். கதுருவெலயில் இறங்கிப் பழைய நகரத்தைத் தேடி நடக்காமல் ஓட்டோ பிடியுங்கள். நுழைவுச்சீட்டு கொடுப்பது குளக்கட்டருகே உள்ள அருங்காட்சியகத்தில். நேராக வாசலுக்குப் போனால் திரும்பி வரவேண்டும். அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள், வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு.

உள்ளே போனதும், பாறையில் புத்தர் சிலைகள் செதுக்கிய கல் விகாரைக்கு ஓடுவது அடுத்த பிழை. வட்டதாகே போன்ற மண்டபங்களில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், நண்பகலில் அந்தக் கருங்கல் உள்ளங்காலைச் சுட்டுவிடும். ஆகவே அவை நெருக்கமாக நிற்கும் நாற்கோண முற்றத்தைக் காலையிலேயே முடியுங்கள். தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும், காலுறையோடு நடக்கலாம். கல் விகாரையில் சாய்ந்த நிலைச் சிலை சுமார் 14 மீற்றர் நீளம். எதிரே இருக்கும் பாறையில் ஏறி நின்றால்தான் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதே முற்றத்தில் தவறவிடக்கூடாத ஒன்று, அட்டதாகேக்கு அருகில் நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டு. மன்னன் முதலாம் விஜயபாகு இறந்த பிறகு, புத்தரின் தந்தத்தாதுக் கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் தமிழில் பொறித்துவைத்த உறுதிமொழி அது. பலகையைப் பார்க்காமல் கடந்து போகிறவர்களே அதிகம். வடக்கே கொஞ்சம் விலகி இருக்கும் இரண்டாம் சிவ தேவாலயத்துக்கும் இதே கதி. வானவன்மாதேவி ஈச்சரம் என்ற அந்தச் சோழர் காலக் கோயில், அடி முதல் முடி வரை கல்லால் ஆனது. சுவரில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் இரண்டையும் விடாமல் பார்க்கலாம்.

இடிந்து கிடப்பதால் அது வெறும் கல் என்று நினைப்பதுதான் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு. சிதைந்த தாதுகோபத்தில் (பௌத்தத் தூபியில்) ஏறுவது, சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது இரண்டும் வழக்காக மாறலாம். 2019 ஜனவரியில், ஹொரவப்பொத்தானைப் பகுதியிலுள்ள கிரலாகல தாதுகோபத்தின் மேல் எடுத்த படங்கள் முகநூலில் பரவியதால், ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் கைதானார்கள். விளக்கமறியலுக்குப் பிறகு அபராதம் கட்டித்தான் வெளியே வந்தார்கள். தொல்பொருள் சட்டம் 1940 இல் இருந்து நடைமுறையில் உள்ளது, பலகை இல்லை என்பது சாக்காகாது. தோளும் முழங்காலும் மறையட்டும். தொப்பியைக் கழற்றுங்கள். சிலையின் படம் போட்ட உடுப்பும் புத்தர் பச்சைகுத்தலும் வேண்டாம். பிக்குவுக்கு ஏதும் கொடுப்பதென்றால் இரு கையாலும் கொடுங்கள். பெண்கள் கையில் கொடுக்காமல் முன்னால் வைத்துவிடுவதே வழக்கம். பஸ்ஸில் மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் இருக்கை காலியாகக் கிடந்து அதில் உட்கார்ந்தாலும், அவர்கள் ஏறினால் எழுந்துவிட வேண்டும்.

பொத்துவில்–மொனராகலை வீதியில் லாகுகலைக்கு முன்னால், காட்டுக்குள் சற்று உள்ளே இருக்கிறது மகுல் மகா விகாரை. அங்கே வாசற்படியின் அடியில் பதித்த அரைவட்டச் செதுக்குக் கல்லான சந்திரவட்டக்கல்லில் யானைகளின் மேல் பாகன்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். வேறெங்கும் காணக் கிடைக்காத வேலைப்பாடு. படி என்று நினைத்து அதை மிதித்து ஏறுகிறார்கள்! சுற்றி வாருங்கள், பொழுது சாய்வதற்குள் கிளம்புங்கள்.

ஏனென்றால் அந்த வீதியில் பின்னேரம் யானை இறங்கும். வறட்சிக் காலத்தில் லாகுகலைக் குளத்துப் புல்லுக்காகக் கூட்டமாக வரும். கரும்போ வாழைப்பழமோ நீட்டுவது மோசமான தவறு. கொடுத்துப் பழக்கப்பட்ட யானை அடுத்த வாகனத்தை மறிக்கும், கொடுக்காவிட்டால் கண்ணாடியை உடைக்கும். தனியன் (கூட்டம் சேராத ஒற்றை யானை) வீதியில் நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள். எஞ்சினை நிறுத்தாதீர்கள், ஹோன் அடிக்காதீர்கள், உயர் வெளிச்சம் போடாதீர்கள். அது தானாக ஒதுங்கும் வரை பொறுங்கள், தேவைப்பட்டால் பின்னால் எடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஐந்து மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். புணானை–வெலிக்கந்தைப் பகுதியில் இரவில் ஓடுவோருக்கும் இதே எச்சரிக்கை.

குமணப் பூங்காவின் வாசல் உகந்தையில். பொத்துவிலிலேயே எரிபொருளும் காசும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிறிய கார் சரிவராது, ஜீப் வேண்டும். கதிர்காமப் பாத யாத்திரைக்குக் காட்டுப்பாதை திறப்பதைக் கேள்விப்பட்டு, வேறு மாதத்தில் நடந்து போகலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அனுமதி ஆடிவேல் விழாக் காலத்து யாத்திரை நாட்களுக்கு மட்டும்தான். குளம், ஆறு எதிலும் இறங்கிக் குளிக்கவேண்டாம், முதலை தண்ணீருக்கு மேல் தெரிந்துதான் இருக்கவேண்டும் என்றில்லை.

போயா (பௌர்ணமி) தினத்தில் தீகவாபி விகாரைக்குப் போகிறவர்கள் சோற்றுப்பொதி கட்டிக்கொண்டு போங்கள், அன்று இறைச்சிக்கடைகள் பூட்டு. புல்லுக்குள் நடந்து வந்தால் இரவில் முழங்காலின் பின்பக்கத்தையும் இடுப்பையும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நசுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.