சேர்க்கைத் துண்டில் விடுகிற பிழை பில் வரைக்கும் போகும்

ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கிற கவுன்டருக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண் விடுபடுவது, திகதி மாறுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் கீழே சொல்கிற பிழைகளைக் கவனியுங்கள்.

சொன்ன பெயரை அப்படியே அடிப்பது

நம் பக்கத்தில் ஒருவருக்கு இரண்டு பெயர் இருப்பது சாதாரணம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ராணி, அடையாள அட்டையில் மகேஸ்வரி. அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக வரும், இன்னோரிடத்தில் முழுசாக வரும். பிறப்புப் பதிவாளர் தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தது வேறு. கூட வந்தவர் சொல்வதைக் கணினியில் அடித்துவிட்டால், இரத்தப் பரிசோதனை, மருந்து, வார்ட், கடைசி பில் எல்லாவற்றிலும் அதுவே ஏறும்.

ஒரு பெண்ணைக் குடல்வால் சத்திரசிகிச்சைக்குச் சேர்த்தார்கள். கணவர் வேலை செய்யும் இடத்துக் காப்புறுதி இருந்தது. பெயரைச் சொன்னது நாத்தனார். சொன்னது வீட்டுப் பெயர். துண்டு வெட்டுகிற, அதாவது வீட்டுக்கு அனுப்புகிற, அன்று காலையிலேயே பில்லை அனுப்பியும், இந்தப் பெயரில் எங்களிடம் ஆளே இல்லை என்று காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிட்டது. பில்லை மாற்றலாம், நோய் விவர அட்டையை மாற்ற சத்திரசிகிச்சை நிபுணரின் கையொப்பம் வேண்டும். அவர் கண்டியிலிருந்து வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். பின்னேரம் வரை அந்தப் பெண் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். கணவர் டவுனுக்குப் போய்ச் சங்கிலியை அடகு வைத்து வந்து பாதிப் பணத்தைக் கட்டினார். மீதி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர மாதங்கள் ஆயின. அடையாள அட்டை அந்தப் பெண்ணின் கைப்பையிலேயே இருந்தது, யாரும் கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அட்டையைக் கையில் வாங்குங்கள். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள், அடித்ததை வாசித்துக் காட்டுங்கள். வீட்டுப் பெயரைக் குறிப்பில் தனியாகப் போடலாம். பழைய அட்டை இலக்கத்தில் 9 எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெண்ணின் இலக்கத்தில் அந்த மூன்று எண்களும் 500க்குக் கீழே வந்தால் எங்கோ பிசகு. 2016இலிருந்து வந்த 12 எண் இலக்கம் முழு வருடத்தோடு தொடங்கும். ஒரே ஆளைப் பழைய இலக்கத்தில் ஒருதரம், புதியதில் ஒருதரம் பதிந்தால் இரண்டு கோப்பு திறக்கும். பழைய பாக்கி யார் கண்ணிலும் படாது.

முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும்

அது போதாது. டிவிஷனையும் (தோட்டத்தில் எந்தப் பிரிவு என்பது) லய இலக்கத்தையும் கேளுங்கள்.

பணம் கட்டுபவரைக் கேட்காதது

கூட வந்தவர்தான் பணம் கட்டுவார் என்று நினைக்காதீர்கள். மகன் கொழும்பில் கடையில் நிற்பார், மகள் வெளிநாட்டில் இருப்பார். அவர்கள் இலக்கத்தைச் சேர்க்கும்போதே வாங்கி, உத்தேசச் செலவை அவர்களிடமே சொல்லுங்கள். துண்டு வெட்டுகிற அன்றுதான் முதன்முதலாகத் தொகையைக் கேட்டால், அந்தக் குடும்பம் ஒரே நாளில் எங்கே போய்ப் புரட்டும்?

அவசர நோயாளியிடம் முற்பணப் பேச்சு

வேண்டாம். முதலில் ஆளை உள்ளே அனுப்புங்கள். அப்புறம் கூட வந்தவரைக் கூப்பிட்டு அட்டையைக் கேளுங்கள். கொண்டுவராவிட்டால் வீட்டிலிருந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அன்றைக்கே பெயரைத் திருத்திவிடுங்கள்.