ஷஹரித் சொல்ல எது சரியான நேரம்? கணக்குப் போடும் விதம்

யூதர்களின் காலைப் பிரார்த்தனைதான் ஷஹரித். அதில் ஷெமாவுக்கு ("இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் வேத வாசகம்) பகல் தொடங்கியதிலிருந்து மூன்று மணி நேரம், அமிடாவுக்கு (நின்றபடி சொல்லும் முக்கியப் பிரார்த்தனை) நான்கு மணி நேரம் கெடு. ஆனால் இந்த மணி நேரம் கடிகாரத்தின் 60 நிமிடம் கிடையாது, புதிதாகப் பார்க்கிறவர்கள் சறுக்குவதே இங்கேதான்.

உங்கள் ஊரில் இன்றைக்கு சூரியன் எப்போது உதிக்கிறது, எப்போது மறைகிறது என்று பாருங்கள். நடுவில் உள்ள பகலை 12ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு மணி நேரம். உதயம் 5:30, அஸ்தமனம் 19:30 என்றால் பகல் 840 நிமிடம், ஒரு மணி நேரம் 70 நிமிடம். ஷெமாவுக்குக் கெடு 9:00, அமிடாவுக்கு 10:10. குளிர்காலத்தில் அதே மணி நேரம் 50 நிமிடமாகக்கூடச் சுருங்கிவிடும். (ஏன் மூன்று? அரச குமாரர்கள் அவ்வளவு நேரம் தூங்குவார்கள் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா!)

இது வில்னா காவோன் என்ற யூத அறிஞர் வழிக் கணக்கு. மாகேன் ஆவ்ராஹாம் என்ற சட்ட உரையின் வழியில் பகல் என்பது விடியலில் தொடங்கி இரவு கவியும்வரை. இரண்டு பக்கமும் 72 நிமிடம் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், எந்த ஊரானாலும் எந்த மாதமானாலும் ஷெமாவின் கெடு 36 நிமிடம் முன்னே வந்துவிடும், அமிடாவுடையது 24 நிமிடம். அதனால்தான் பிரார்த்தனை நேர அட்டவணைகளில் இரண்டு நேரம் போட்டிருக்கிறார்கள். எது என்று குழம்பாமல் முந்தியதைப் பிடித்துக்கொண்டால் வம்பே இல்லை.

சரி, எப்போது தொடங்கலாம்? கருக்கலில் நான்கு முழம் தள்ளி, அதாவது சுமார் இரண்டு மீட்டரில், ஒருவர் நிற்கிறார். உங்களுக்கு அரைகுறையாகத்தான் பழக்கம். அவர் முகம் அடையாளம் தெரிகிற வெளிச்சம் வந்துவிட்டால் தாலித்தும் (பிரார்த்தனைச் சால்வை) தெஃபிலினும் (வேத வசனம் வைத்துக் கையிலும் நெற்றியிலும் கட்டும் தோல் பெட்டிகள்) அணியலாம், ஷெமாவும் சொல்லலாம். நெருங்கிய ஆளென்றால் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம், அதனால்தான் இந்த "அரைகுறை". பல அட்டவணைகளில் இது உதயத்துக்கு ஏறக்குறைய 45 முதல் 60 நிமிடம் முன்னால் வரும்.

எல்லாவற்றிலும் மேலானது வாத்திக்கின், அதாவது பக்தியில் தேர்ந்த முன்னோர்களின், முறை. ஷெமாவையும் அதன் பின்வரும் ஆசியையும் முடித்து, சூரியன் எட்டிப் பார்க்கும் அதே நொடியில் அமிடாவுக்கு நிற்பது. எருசலேமின் மேற்குச் சுவரில் விடிகாலையில் நின்றால் தெரியும்: அதுவரை தனித்தனிக் கூட்டமாக இரைந்துகொண்டிருந்த மொத்த முற்றமும் சட்டென்று அடங்கிப்போகும்.

ஓய்வுநாளான சனிக்கிழமையில் கவனம். ஜெபாலயத்தில் 9 மணிக்கு மேல்தான் ஆரம்பிப்பார்கள் என்றால், கோடையில் அங்கே ஷெமாவுக்கு வருவதற்குள் கெடு தாண்டிவிடும். வீட்டிலேயே ஷெமாவை மட்டும் கடமையை நிறைவேற்றும் எண்ணத்தோடு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

தூங்கிவிட்டீர்களா? நான்கு மணி நேரம் கடந்திருந்தாலும் நண்பகல்வரை அமிடா சொல்லலாம், உரிய வேளையில் சொன்ன பலன்தான் இல்லை. நண்பகலும் போய்விட்டது, அதுவும் மறதியாலோ தவிர்க்க முடியாமலோ என்றால், பிற்பகல் பிரார்த்தனையான மின்ஹாவில் அமிடாவை இரண்டு முறை சொல்ல வேண்டும். முதலாவது மின்ஹாவுக்கு, இரண்டாவதுதான் விட்டுப்போன காலைக்கு. மாற்றி நினைத்துச் சொல்லிவிடாதீர்கள். வேண்டுமென்றே விட்டவர்களுக்கு இந்த ஈடு கிடையாது.