பைபாஸுக்குப் பிறகு வந்த படபடப்பு: எனக்கு நின்ற விதம்

இரைப்பை பைபாஸுக்கு (இரைப்பையைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை) பிறகு, காப்பிக்கடையில் ஒரு தே (பால் தேநீர்) குடித்தால் கால் மணி நேரத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் புரட்டல். காரணம் கெட்டிப்பால். சர்க்கரை சிறுகுடலுக்குள் ஒரேயடியாக இறங்கி, அங்கே தண்ணீரை இழுக்கிறது. இதற்கு டம்பிங் என்று பெயர்.

'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று மாற்றிச் சொன்னதும் பாதி அடங்கியது. மீதி, சாப்பாட்டோடு தண்ணீர் குடித்த பழக்கம். இப்போது சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துத்தான் தண்ணீர். தட்டில் முதலில் மீன், முட்டை, தவ் குவா (கெட்டியான டோஃபு). சோறு கடைசியில் இரண்டு கரண்டி.

1 முதல் 3 மணி நேரம் கழித்து வரும் கைநடுக்கம் வேறு. இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து ரத்தச் சர்க்கரை இறங்குகிறது. விரலில் குத்திப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுசோதனை, ஏறியதும் ஒரு முட்டை. இனிப்போடு நிறுத்தினால் மறுபடி இறங்கலாம். முட்டையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பைத் தாக்கும்; உடனே மருத்துவரிடம் போங்கள். முதல் வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, தணியாத வேக நாடி என்றால் தையலில் கசிவாக இருக்கலாம். சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.