கெண்டைக் குளத்தில் பைத்தீவனம் கட்டுவது எப்படி?

கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் குளத்தில் தீவனத்தை அள்ளி வீசினால் பாதி சேற்றுக்குத்தான் போகும். காலி யூரியா சாக்கின் அடிப்பகுதியில் இரண்டு வரிசை சிறு துளைகள் போட்டு, தீவனத்தை உள்ளே நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். மீன் முட்டி முட்டித் தின்னும். ஏக்கருக்கு 8 முதல் 10 பை போதும்.

அளவை ஊகிக்காதீர்கள். மாதம் ஒருமுறை வீச்சுவலையில் 30 மீன் பிடித்து எடை பாருங்கள். 9 கிலோ வந்தால் சராசரி 300 கிராம். குளத்தில் 2,000 மீன் இருந்தால் மொத்தம் 600 கிலோ. அதில் 2 சதவீதம், அதாவது நாளுக்கு 12 கிலோ: கடலைப்புண்ணாக்கும் தவிடும் சரிபாதி. குஞ்சுப் பருவத்தில் 5 சதவீதம் வரை போகலாம்.

புண்ணாக்கில்தான் கவனம் தேவை. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். மீனின் ஈரல் கெடும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. கட்டி கட்டியாகி பூஞ்சண வாடை அடிக்கும் மூட்டையை, விலையைப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகைமேல் வையுங்கள்.

காலை வெயில் ஏறியபின் பை கட்டுங்கள். விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் ஆக்சிஜன் குறைவு. அன்று தீவனம் வேண்டாம், புதுத்தண்ணீர் விடுங்கள். மாலையில் பையில் மிச்சமிருந்தால் மறுநாள் அளவைக் குறைத்து, செவுளையும் செதிலையும் பார்த்துவிடுங்கள். மீன்பேன் ஒட்டியிருந்தாலும் தீனி குறையும்.