இரண்டு வரிக் கைதுச் செய்தியை எழுதும் முன்

'எல்லை தாண்டி மீன்பிடித்ததாக ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படையினர் கைது செய்தனர். விசைப்படகு ஒன்றும் பறிமுதல் செய்யப்பட்டது.' இந்த இரண்டு வரியை என் கை தூக்கத்திலும் எழுதும். ஆள் எண்ணிக்கையும் தேதியும்தான் மாறும். ஊர் ஊராகப் போய்ச் செய்தி எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன இடங்களில் இந்தக் கரைக்குத்தான், தொண்டிக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறேன். புதிதாக இங்கே செய்தி சேகரிக்க வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இதில் பாதி நான் தப்புச் செய்து கற்றது.

கைது நடந்த பிறகு முதல்முறையாக வந்து நிற்காதீர்கள். அதற்கு முன்பே ஒரு தடவை சும்மா வந்து போங்கள். ராமேஸ்வரத்தில் வாரத்துக்கு 3 நாள் விசைப்படகுக்கு, மீதி நாட்டுப்படகுக்கு. விசைப்படகு கிளம்பும் நாளில், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கும் இடத்தில் நில்லுங்கள். மறுநாள் கரையில் ஏலம் போடும்போது ஓரமாக நில்லுங்கள். மைக்கை யார் முகத்திலும் நீட்ட வேண்டாம். படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யார், டிரைவர் யார், மீன் விற்ற பணத்தில் பங்குக்குக் கூலியாகப் போகிறவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அன்றைக்கு அது போதும். டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்த பிறகுதான் பங்கு. படகு போனால் சம்மாட்டிக்கு லட்சக்கணக்கில் கடன். பங்குக்குப் போனவர் வீட்டில் அன்றைக்கே உலை ஏறாது. இரண்டும் இழப்புதான், ஆனால் ஒரே இழப்பு அல்ல. 'மீனவர்கள் பாதிப்பு' என்று எழுதினால் இரண்டுமே மறைந்துபோகும்.

அடுத்தது, முதல் போன் யாருக்கு என்பது. அதிகாரிகள் தரப்புச் சேதி அச்சுக்கு ஏற்ற வாக்கியமாக வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ராமேஸ்வரத்தை ஒட்டிய தங்கச்சிமடத்தில் வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் தயாரான வாக்கியம் எதுவும் இருக்காது. அவர் நாலு மாதத்துக்கு முந்தைய வட்டியிலிருந்து தொடங்குவார். நமக்கு நேரம் இல்லை என்று அதிகாரிகளின் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறோம். அதிகாரம் செய்திக்குள் வருவதற்கு யாரும் மிரட்டத் தேவையில்லை. வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாலே போதும். அதனால் முதல் போன் வீட்டுக்கு, இரண்டாவது மீனவர் சங்கத்துக்கு, அதற்குப் பிறகு அதிகாரிகளின் அலுவலகத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'மீன்பிடித்ததாக' என்பதில் இருக்கிற 'ஆக' என்ற இரண்டெழுத்தையும் காப்பாற்றுங்கள். 'அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்' என்று சொல்வது அந்த இரண்டெழுத்துதான். தலைப்புக்குப் போகும்போது அது உதிர்ந்துவிடும். நான் வேலை பார்த்த ஒரு நாளிதழில், எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் இழுத்துக்கொண்டு போன படகைப் பற்றி எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் 'எல்லை தாண்டிய மீனவர்கள் கைது' என்று வந்தது. எஞ்சின் பழுது என்ற வரி உள்ளேயும் இல்லை. கூடவே, அழுதுகொண்டிருந்த மனைவியின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதை எடுத்தவன் நான். மறுபடி போனபோது அந்த அக்கா திட்டவில்லை. "வாறீக, படம் புடிக்கிறீக, போயிர்றீக. நான் சொன்னதுல ஒரு சொல்லு இல்லையே தம்பி" என்றார். மடியில் ஒரு பாலிதீன் பை வைத்திருந்தார். ஆதார் நகல், மீன்வளத்துறை அட்டை, டோக்கன் சீட்டு, வக்கீலுக்குக் கொடுத்த பணத்தின் ரசீது, எல்லாம் உப்புக்காற்றில் பிசுபிசுத்துப் போயிருந்தன. அந்தப் பையை அன்றைக்கு நான் கேட்டுப் பார்த்திருந்தால் செய்தியே வேறாக இருந்திருக்கும். பையைக் கேட்டுப் பாருங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், பத்திரிகைக்கு அனுப்பும் முன் இன்னொரு தடவை கேளுங்கள்.

இனி எல்லோரும் தவிர்க்கிற வேலை. மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு போன் போடுங்கள். அங்கேயும் எடுக்கப்போவது தமிழ் மீனவர்தான். போர்க்காலத்தில் அவர்களைக் கடலுக்கே விடவில்லை. 2009-ல் போர் முடிந்து, கடன் வாங்கி வலை போட்டால், இங்கிருந்து போய்க் கடலடியை வலையால் வாரி இழுக்கிற விசைப்படகு, அதாவது இழுவைப்படகு, அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது. அந்தப் படகை அவர்கள் 'றோலர்' என்று சொல்லும்போது குரலில் இருக்கிற கசப்பை நீங்களே கேட்க வேண்டும். இலங்கை 2017-ல் இழுவைமடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடை செய்தது. இங்கே 'அட்டூழியம்' என்றும் அங்கே 'அத்துமீறல்' என்றும் தலைப்பு வரும். இரண்டு பத்திரிகையையும் படிப்பவர் அநேகமாக ஒருவரும் இல்லை. நீங்கள் படியுங்கள்.

கையில் சில வருஷங்கள் இருக்கட்டும். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. நம் மீனவரும் அந்தோணியார் கோயிலுக்குப் போகிற யாத்திரிகரும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம் என்று அதில் இருந்தது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது 1976-ல். இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் அதிகம்.

அதற்கும் பின்னால் போங்கள். அடிமடி இழுக்கிற தொழிலை இந்தக் கரை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1952-ல் நார்வேயோடும் ஐ.நா.வோடும் செய்த ஒப்பந்தத்தில் கேரளத்தின் நீண்டகரைப் பக்கம் இயந்திரப் படகு வந்தது. அறுபதுகளில் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விலை ஏற, அரசே மானியம் கொடுத்து விசைப்படகைப் பெருக்கியது. இப்போது இந்தப் பக்கத்துக் கடலில் மீன் வற்றிக் கிடக்கிறது, பங்குக்குப் போகிறவர் இலங்கையின் ஊர்காவற்துறை நீதிமன்றத்தில் நிற்கிறார். இறாலைத் தின்றவர்கள் எந்தச் செய்தியிலும் இல்லை. ஒரு கூடை இறாலின் பின்னாலேயே போய்ப் பாருங்கள்: ஏலத்தில் என்ன விலை, கம்பெனி வண்டியில் என்ன விலை, கப்பல் ஏறும்போது என்ன விலை. இந்த மூன்றையும் உங்கள் செய்திக்குள் கொண்டுவந்துவிட்டால் தூரத்து ஊர்களும் தானாக உள்ளே வந்துவிடும்.

கடற்பாசிக்கும் இதே வழிதான். சின்ன ஏர்வாடி, பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் அகர் என்ற பொருளைச் செய்யப் போகிற பாசி அது. 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் தேசியப் பூங்கா ஆன பிறகு, தலைமுறையாகப் போன இடத்துக்கே அவர்கள் பயந்து போகிறார்கள். பவளப்பாறையைக் காக்க வேண்டியதுதான். ஆனால் யாருடைய கையை மட்டும் தடுத்தார்கள் என்று கேளுங்கள்.

நம் கரைதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூன் 14 அன்று கிரீஸ் அருகே ஒரு பழைய மீன்பிடிப் படகு மூழ்கியது. ஐரோப்பாவுக்குப் பிழைக்கப் போன பாகிஸ்தான், எகிப்து, சிரியாக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அதில் இருந்தார்கள். உயிர் பிழைத்தவர் 104 பேர். நாலு நாள் கழித்து டைட்டானிக்கைப் பார்க்கப் போன நீர்மூழ்கியில் 5 பேர் காணாமல் போனார்கள். அந்த வாரம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்து டீக்கடை டிவியில் நாள் முழுக்க ஓடியது அந்த 5 பேர் கதை. நம் தமிழ்ச் சேனலுக்கும் அந்தப் படம் வெளிநாட்டு ஏஜென்சி வழியாகத்தான் வந்தது. செய்தி பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கு ஒரே பக்கமாகப் பாய்கிறது என்று யுனெஸ்கோ அமைத்த மேக்பிரைடு ஆணையம் 1980-லேயே எழுதி வைத்தது. 1984-ல் அமெரிக்காவும் அடுத்த வருஷம் பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டே வெளியேறின. அந்த டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு இங்கே மண்டபம் ஊரின் மீனவர் வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

கடைசியாக ஒரு வேலை. செய்தி வந்ததும் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே சொல்வார்கள். பிறகு அடுத்த வாய்தா தேதியைக் கேட்டு டைரியில் குறியுங்கள், அன்றைக்குப் போன் போடுங்கள். விடுதலையானால் கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து வேனில் ஊருக்கு வருவார்கள். படகு வராது. அதையும் எழுதுங்கள். என் இந்த வருஷ டைரியில் பதினோரு வாய்தா தேதி இருக்கிறது. நாளை மறுநாள் ஒன்று, மன்னாரில்.